நான் திருத்தி எழுதிய நான்கு ரீடிங்

1. சிக்ஸ்டூ

என் பெயர் பழனிச்சாமி என்பது சம்பள ரிஜிஸ்டருக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளைகள் வாயில் நான் ‘சிக்ஸ்டூ’. பாலக்காட்டுப் பக்கம் ஒரு எஞ்சினியரிங் காலேஜில், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில், முப்பத்தோரு வருஷம் லேப் இன்ஸ்ட்ரக்டராக இருந்தேன். பம்ப் ஓட்டுவது, வால்வைத் திருப்புவது, பிள்ளைகள் ரீடிங் எடுக்கும்போது பக்கத்தில் நிற்பது, இதுதான் என் உத்தியோகம்.

அந்தப் பட்டப்பெயருக்கு முதல் நாளிலேயே விதை விழுந்தது. அன்றைக்கு ஆரிஃபிஸ் எக்ஸ்பெரிமென்ட். தொட்டியின் பக்கவாட்டு ஓட்டை வழியாகப் பாயும் தண்ணீரைக் கீழே கலெக்டிங் டேங்கில் பிடிக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் ஏற எத்தனை செகண்ட் ஆகிறது என்று ஸ்டாப்வாட்சில் பார்த்துக் கணக்குப் போட்டால் கோஎஃபிஷியன்ட் வரும். புத்தகத்தில் அது 0.62. எனக்கு வந்தது 0.55. அப்போதிருந்த புரொஃபசர் பிள்ளைகளை வைத்துக்கொண்டே கேட்டார்: “எந்தா பழனிச்சாமி, நல்லேப்பிள்ளித் தண்ணிக்கு மட்டும் வேற சயன்ஸா?”

என் ஊர் நல்லேப்பிள்ளி. வயல்காட்டிலிருந்து வந்தவன் என்பதுதான் அவர் சொன்னதற்கு அர்த்தம். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாயங்காலம் உட்கார்ந்து தேடியதில் கோளாறு தெரிந்துவிட்டது. கலெக்டிங் டேங்கின் அடி வால்வு கசிந்தது. புது வால்வுக்கு எழுதிக் கொடுத்தேன். டெண்டர் விட வேண்டும் என்றார்கள். வருஷங்கள் ஓடின, வால்வு வரவில்லை. அதற்குள் நான் குறுக்குவழி கண்டுபிடித்துவிட்டேன். இருபத்தாறு செகண்ட் வந்தால் இருபத்து மூன்று என்று எழுதச் சொல்லுவேன். எல்லா ரெக்கார்டிலும் 0.62, பாயின்ட் சிக்ஸ்டூ. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்கள் என் லேபைப் பார்த்து ‘நீட்’ என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

இதை ஏமாற்று வேலை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பிள்ளைகளுக்கு உபகாரம் என்றே நினைத்தேன். அந்த நினைப்பு என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஃப்ளூயிடில் பி.எச்டி. பண்ண வேண்டும் என்று லேபுக்குள் வருகிறவர்களும், அவர்களுக்கு வால்வு திருப்பிக் கொடுக்கிற என்னைப் போன்றவர்களும் படித்தால் போதும்.

2. கவாத்துக் குச்சி மூட்டை

மகேஸ்வரி மூணாறுப் பக்கம் சித்திரபுரத்துப் பெண். அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். எங்கள் காலேஜிலேயே எம்.டெக். முடித்துவிட்டு, நாராயணன் சாரின் ப்ராஜெக்டில் அசிஸ்டன்டாகச் சேர்ந்தாள். நாராயணன் சார் கல்பாத்திக்காரர், டிபார்ட்மென்டில் சீனியர். ப்ராஜெக்டில் சேர்ந்த முதல் நாள் அவள் தோளில் ஒரு சாக்கு மூட்டையோடு வந்து நின்றாள். அவிழ்த்தால் உள்ளே அத்தனையும் குச்சி.

“என்னம்மிணி, லேபுல அடுப்பு பத்த வெக்கப் போறியா?” என்றேன்.

“இல்லண்ணே, தேயிலைக் கவாத்துக் குச்சி. எங்க ஊர்லருந்து பஸ்ஸுல கொண்டாந்தேன். கண்டக்டரு இதுக்கும் டிக்கெட் போட்டுட்டாரு.”

தேயிலைச் செடியை வெட்டி விடுவதைக் கவாத்து என்பார்கள். வெட்டிய குச்சியெல்லாம் மழைக்கு ஓடையில் விழுந்து, எஸ்டேட் ரோட்டின் அடியில் இருக்கும் கலுங்குக் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அப்படி ஒரு கலுங்கை நேரில் பார்த்திருக்கிறாள்.

“தண்ணி மேல் பக்கமா தேங்கித் தேங்கி நின்னுச்சுண்ணே. ஒண்ணும் ஆகாதுன்னு பெரியவங்க சொன்னாக. திடீர்னு ஒரே மூச்சுல அடைப்பு தெறிச்சு, கீழ அடுத்த வளைவுல இருந்த ரோட்ட அள்ளிட்டுப் போயிருச்சு. நாலு மாசம் ஜீப்பு வரல. மெதுவா ஏறுற தண்ணி ஏன் அப்படித் திடீர்னு குதிச்சுச்சு? அதத்தான் நான் தெரிஞ்சுக்கணும்.”

லேபில் எட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு ஃப்ளூம் உண்டு. இரண்டு பக்கமும் கண்ணாடி போட்ட செயற்கை வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் சின்னக் குழாய் பொருத்தி, நிறுத்து எடுத்த குச்சியைப் போட்டு, குழாய்க்கு முன்னால் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பாயின்ட் கேஜில் பார்ப்பாள். அது ஒரு ரன். பிறகு தண்ணீரை வடித்து, குச்சியைப் பொறுக்கி, காயவைத்து, மறுபடி நிறுத்து, அடுத்த ரன். ஒரு நாளைக்கு இரண்டு ரன்னுக்கு மேல் ஓடாது. முதுகு ஒடிகிற வேலை. அவள் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. எனக்குப் பெண் பிள்ளை இல்லை. அவளைப் பார்த்தால் மனசு இளகும், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

3. வேகன்ஸி

ப்ராஜெக்ட் மார்ச்சோடு முடிகிறது. முடிந்தால் அவளுக்கு லேபும் கிடையாது, ஹாஸ்டலும் கிடையாது. உள்ளூரில் இரண்டு இடத்தில் பி.எச்டி. இன்டர்வியூ போய்விட்டு வந்தாள். ஸ்கோர் பற்றாது என்று அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் ஐரோப்பாவில் ஒரு யுனிவர்சிட்டியின் விளம்பரத்தை நாராயணன் சார் பிரின்ட் எடுத்துக் கொண்டுவந்தார். குழாயும் பாலமும் அடைத்துக்கொள்வதைப் பற்றிய ஆராய்ச்சி. நாலு வருஷம் சம்பளம். அங்கேயெல்லாம் பி.எச்டி. என்பது உத்தியோகம் மாதிரி. வேகன்ஸி போட்டுத்தான் ஆள் எடுக்கிறார்கள். ஒரே ஒரு இடம்.

“உனக்குன்னே போட்ட மாதிரின்னா இருக்கு! தங்கமான சான்ஸாக்கும் இது, விட்டுடப்படாது,” என்றார் சார். மார்க்கை விட, சொந்தமாகச் செய்த எக்ஸ்பெரிமென்டும் டேட்டாவும் இருக்கிறதா என்றுதான் விளம்பரத்தில் பெரிதாகக் கேட்டிருந்தார்கள்.

அவளிடம் முப்பது ரன் இருந்தது. அவற்றில் மூன்றில் மட்டும், நான் பக்கத்தில் இல்லாத நேரத்தில், தண்ணீர் எக்குத்தப்பாக ஏறிக் குதித்திருந்தது. அது நிஜமா, தன் கைப்பிழையா, கரண்ட் வோல்டேஜ் இறங்கியதாலா என்று அவளுக்குச் சந்தேகம். அதைத் தீர்க்க ஒரே தண்ணீர், ஒரே எடைக் குச்சி என்று பன்னிரண்டு ரன் ஓட்டத் திட்டம் போட்டாள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த சங்கதி. லேபில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் பார்க்கிறவன் கண் அதையே தேடும் என்று நினைத்தாளாம். அவள் நினைத்தது சரிதான். ஆள்தான் தப்பான ஆள்.

4. ஒன்பது நாள்

பன்னிரண்டு ரன்னைத் தொடங்க வேண்டிய அன்றைக்குக் காலையில் ஃபோன் வந்தது. அவள் அப்பா ஈரப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அம்மா இல்லாத வீடு. அப்ளிகேஷன் அனுப்பப் பத்து நாள்தான் பாக்கி.

“அண்ணே, நீங்க ஓட்டித் தர்றீகளா? என் கூடவே இத்தன மாசம் நின்னிருக்கீக. எது வந்தாலும் அப்படியே எழுதுங்கண்ணே,” என்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அதெல்லாம் சொல்லோணுமாம்மிணி? நீ போயி அப்பனைப் பாரு. பொழுதுக்குள்ள பஸ்ஸைப் புடி.”

ஓட்டினேன். குச்சியை நிறுப்பதிலும் வால்வைத் திருப்புவதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. எட்டு ரன் ஒழுங்காக வந்தது. தண்ணீர் பதினாலு சென்டிமீட்டர் ஏறி அப்படியே நின்றது. நான்கு ரன்னில் மட்டும் பத்தொன்பது வரை ஏறி, கண் மூடித் திறப்பதற்குள் அடைப்பு பிய்த்துக்கொண்டு குழாய் வழியாகச் சீறியது. ஒருமுறை என் சட்டை பூராவும் நனைந்துவிட்டது.

அடச்சே, இந்தப் பாழாய்ப்போன பம்ப் இப்போதா காலை வாரவேண்டும் என்றுதான் தோன்றியது. நடுவில் பிள்ளைகளின் லேப் எக்ஸாமில் நாள் போய்விட்டதால் திரும்ப ஓட்ட நேரமில்லை. ஆஸ்பத்திரியில் அப்பனைக் கட்டிக்கொண்டு கிடக்கிற பிள்ளை வந்து இந்தக் கோணல் ரீடிங்கைப் பார்த்தால் உடைந்துபோய்விடுமே என்று நினைத்தேன். நோட்டில் 14.1, 14.3, 13.9, 14.2 என்று எழுதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், எழுதும்போது என் மனசில் பாசம்தான் இருந்தது.

அவள் வந்து நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். கடைசிப் பக்கத்திலிருந்து திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போனாள்.

“அப்ப அந்த மூணும் என் தப்புத்தான் போல,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எந்த மூன்று என்று நான் கேட்கவில்லை. களைப்பில் உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ரீடிங் நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்படாமல் முகம் ஏன் இப்படிச் செத்துப்போயிருக்கிறது என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது. அந்த மூன்று ரன்னையும் பிழை என்று ஒதுக்கிவிட்டு, தண்ணீர் நிதானமாகத்தான் ஏறும் என்று வழவழவென்று ஒரு கர்வ் போட்டு அனுப்பினாள்.

5. வீடியோ இன்டர்வியூ

மூன்று வாரத்தில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நாராயணன் சார் ரூமில் லேப்டாப் வைத்து நடந்தது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரைப் பார்த்துக்கொள்ள நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவள் நன்றாகவே பேசினாள். கலுங்குக் கதையைச் சொன்னபோது எதிர்ப்பக்கம் நாலு பேரும் ஆசையோடு கேட்டது குரலிலேயே தெரிந்தது.

கடைசியில் ஒரு அம்மா, அவர்தான் அங்கே கைடாக இருக்கப்போகிறவர், கேட்டார்: நாங்கள் மரக்குச்சியை வைத்து ஓட்டும்போது சில ரன்னில் தண்ணீர் சட்டென்று குதிக்கிறது. உன் பன்னிரண்டு ரன்னில் ஒன்றில்கூட இல்லையே? குச்சி போட்ட தண்ணீர் இவ்வளவு ஒழுங்காக நடக்குமா? இதை நீயே ஓட்டினாயா?

“எங்க லேப் இன்ஸ்ட்ரக்டர் ஓட்டினார். அனுபவசாலி. நான் அவரை முழுசா நம்புறேன்,” என்று அவள் இங்கிலீஷில் சொன்னது என் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் நோட்டின் ஸ்கேனும், திரும்ப ஓட்டிய சில ரன்களின் வீடியோவும் அனுப்பச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடி முடிவு சொல்லும். அன்றைக்குச் செவ்வாய்.

ரூமை விட்டு வந்தவள் நேராக என்னிடம் கேட்டாள்: “அண்ணே, நீங்க ஓட்டுறப்ப எப்பயாச்சும் தண்ணி குதிச்சுச்சா?”

“இல்லியே அம்மிணி,” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

மறுநாள் காலையில் ஃபோனை ஸ்டாண்டில் வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே ஓட்டினாள். முதல் ரன் பதினாலில் நின்றது. இரண்டாவது பத்தொன்பதுக்கு ஏறிக் குதித்தது. என் சட்டையை நனைத்த அதே குதிப்பு. அவள் பம்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நாலு ரன்னுல குதிச்சுதம்மிணி,” என்றேன். “பம்புக் கோளாறுன்னு நெனச்சு நாந்தான் மாத்தி எழுதீட்டேன். உனக்கு நல்லதுன்னு...”

“எது வந்தாலும் அப்படியே எழுதுங்கன்னுதான சொன்னேன்?” அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. “பன்னெண்டுல நாலு. நான் தேடுனதே அதத்தாண்ணே. என் கையில இருந்துச்சு. நான் பொய்யின்னு தூக்கி எறிஞ்சுட்டேன்.”

6. கையெழுத்து

ஆனாலும் அவள் உட்கார்ந்து அழவில்லை. வேலை தெரிந்த பிள்ளை. புது வீடியோ இருக்கிறது, பழைய மூன்று ரன் இருக்கிறது. நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினால் அவர்கள் ஒருவேளை நம்புவார்கள் என்றாள். ஆனால் நான்கு ரீடிங்கை மாற்றியது இன்னார் என்று நான் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். இல்லையென்றால் அவளே மாற்றிவிட்டு, மாட்டிக்கொண்டதும் யார் தலையிலோ கட்டுகிறாள் என்றுதான் படும்.

“நாளைக்குத் தர்றேம்மிணி,” என்றேன். அப்போதே உட்கார்ந்து எழுதியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

நாராயணன் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று போனேன். அவர் கதவைச் சாத்தினார். “ஓய் பழனிச்சாமி, ரிட்டயர் ஆக உமக்கு மூணு மாசம்கூட இல்லை. ரீடிங்கை நான்தான் திருத்தினேன்னு எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கு எவனாவது விவராவகாசம் போட்டு அந்தக் காயிதத்தை வெளில எடுத்தான்னா? பென்ஷனைத் தடுத்து வைப்பான். காலேஜுக்கும் மானக்கேடு. அவ சின்னப் பொண்ணு, வேற சான்ஸ் வராமலா போகும்?”

தகவல் உரிமை மனுவைத்தான் எங்கள் பக்கம் விவராவகாசம் என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் லேபுக்குத் திரும்பாமல் நேராக ஆபீஸுக்குப் போனேன். நெல் அறுக்க மெஷின் வருகிறது என்று வியாழனும் வெள்ளியும் லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன். மெஷின் வந்தது நிஜம்தான். ஆனால் நான் வரப்பில் நிற்க வேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. வியாழன் ஆறு தடவை, வெள்ளி பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் திரையில் அவள் பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சட்டைப்பையில் போட்டேன். பேடிப்பயல் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன், ஆனால் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரி தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்: “ஏனுங்க, ரெண்டு நாளாச் சோறு எறங்க மாட்டேங்குது. ஊட்டுல சொல்லாம எங்க போயிச் சொல்லப் போறீங்க?”

சொன்னேன். அவள் அதிகம் படிக்காதவள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்க கையிதானுங்க மாத்தி எழுதுச்சு? அதே கையில கையெழுத்துப் போடறதுக்கு என்னங்க நோவு?” என்றாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போய், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணி, அந்த அம்மாவின் மெயிலுக்கே அனுப்பினேன். திங்கட்கிழமை பதில் வந்தது. நன்றி, கமிட்டி வெள்ளிக்கிழமையே முடிவெடுத்துவிட்டது, வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார். மகேஸ்வரி வெள்ளிக்கிழமையே வீடியோவை அனுப்பியிருக்கிறாள். நான்கு ரீடிங் நம்பத்தகுந்தவை அல்ல, திருத்தியவரின் கடிதம் என்னிடம் இல்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறாள். என் பெயரைச் சொல்லவில்லை.

மார்ச் கடைசியில் ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டாள். லேபில் வந்து சொல்லிக்கொண்டுதான் போனாள். “வர்றேண்ணே,” என்றாள்.

7. சித்திரபுரம்

ரிட்டயர் ஆனேன். பென்ஷன் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. அந்தக் கடிதத்தை யாரும் தேடி வரவில்லை, கேட்கவும் இல்லை. எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை என்பது இன்னும் கேவலமாக இருந்தது.

மழை ஓய்ந்த பிறகு ஒருநாள் உடுமலை, மறையூர் வழியாக மூணாறு பஸ் பிடித்துப் போனேன். அங்கிருந்து ஜீப்பில் சித்திரபுரம். மகேஸ்வரி மூணாறில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்கு அவளுக்கு லீவ். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் திகைத்து, “வாங்கண்ணே,” என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். அவள் அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாக்கர்.

“லேப் சாரா? எம் மக வாயத் தொறந்தா உங்க பேச்சுத்தான். ஒக்காருங்க சார்,” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார். “சீட்டு போனது என்னாலதான் சார். நான் விழாம இருந்திருந்தா இவ வேலைய விட்டுட்டு இங்க ஓடி வந்திருக்க மாட்டா. ஒம்பது நாளு எங்கூட ஒக்காந்துட்டா. இல்லப்பான்னுதான் சொல்றா. ஆனா என்ன நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேங்குறா. எனக்காகத்தான் மறைக்கிறா. வேற என்ன காரணம் இருக்க முடியும், சொல்லுங்க சார்?”

மகேஸ்வரி சமையல்கட்டு வாசலில் டீ கிளாஸோடு நின்றாள். வேண்டாம் என்று அவள் தலையசைத்த மாதிரி இருந்தது. இத்தனை மாதமாக ஒரு மனுஷர் உடைந்த இடுப்போடு இந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு கிடந்திருக்கிறார்.

“உங்களால இல்லீங்க,” என்றேன். “நாந்தானுங்க காரணம். அவ சொன்னபடி எழுதாம ரீடிங்க மாத்தினேன். அதைக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லிக் கேட்டப்ப பயந்துக்கிட்டு ஓடி ஒளிஞ்சுக்கிட்டேன். புள்ள மேலயும் உங்க மேலயும் ஒரு தப்பும் இல்லீங்க.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். “அப்ப நான் விழுந்ததால இல்லியா?” என்று மகளைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்று அவள் தலையாட்டினாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார்.

ஜீப் வரும் இடம் வரை மகேஸ்வரி கூட வந்தாள். திரும்ப எங்கேயாவது அப்ளை பண்ணலாமே அம்மிணி, நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன்.

“ஃபாரத்துல ரெஃபரி பேரு கேக்குறாக. நாராயணன் சாருக்கு ரெண்டு மெயில் போட்டேன், பதிலே இல்ல. அப்பாவ விட்டுட்டும் இப்பப் போக முடியாதுண்ணே,” என்றாள். கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் குரலில் அதுகூட இல்லை.

ஜீப் வந்து நின்றது. நான் ஏறி உட்கார்ந்த பிறகு அவள் கேட்டாள்: “இன்னைக்கு எங்கப்பா கேட்ட ஒடனே சொல்லிட்டீகளே அண்ணே. அன்னைக்கு நான் கேட்டப்ப ஏன் முடியாமப் போச்சு?”

ஜீப் கிளம்பிவிட்டது. லேபில் இருக்கிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். கோணலாக வந்தாலும் வந்ததையே எழுதுங்கள். எழுதியதில் நீங்கள் தப்புப் பண்ணியிருந்து, ஒரு பிள்ளை உங்கள் முன்னால் நின்று தாளை நீட்டினால், யாரிடமும் யோசனை கேட்கப் போகாமல் அங்கேயே கையெழுத்துப் போடுங்கள். எனக்கு மூன்று நாள் ஆயிற்று. அதில் அவள் இடம் போய்விட்டது.